தட்டு காலியாகும் வரை

படப்பை
6 ஜூலை 2025, ஞாயிறு, இரவு 9.10. நாற்பத்து மூன்று வாய்.

அக்கா,

இன்றைக்கு உன் மகள் சாப்பிட்டது அவ்வளவு. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். அதில் பசிக்குச் சாப்பிட்டது பாதிகூட இருக்காது. அதற்குப் பிறகு அவளுக்கு மெல்லுவதே மெதுவாகிவிட்டது. மீதியெல்லாம் நீ வீடியோ காலில் ஊருக்காக ஊட்டியது. "அம்மாக்கு ஒரு வாய், மாமாக்கு ஒரு வாய், கங்கம்மா பெரிம்மாக்கு ஒரு வாய், வேன் டிரைவருக்கு ஒரு வாய்." ஆள் தீர்ந்ததும் கீழ்வீட்டு நாய்க்கும் ஒரு வாய் போட்டாய். அந்த நாய் மீன் தலையைத் தின்றுவிட்டு வாசலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

வாட்ஸப்பில் எழுதினால் முகில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறாள். போனில் பேசலாம் என்றால் இருப்பது ஒரே அறை. அதனால்தான் மெயில். அவள் காதில் விழக்கூடாததை இனி இப்படித்தான் எழுதுவேன். நீயும் இதிலேயே பதில் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் எடை பார்த்திருக்கிறார்கள். எட்டு வயதுக்கு நாற்பத்தொரு கிலோ. போன வருஷம் நீ நர்ஸ் வேலைக்கு மஸ்கட் கிளம்பும்போது முப்பத்தொன்று. ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் மூச்சு வாங்குகிறது, வேன் டிரைவர்தான் கட்டிவிடுகிறார். பி.டி. பீரியடில் எல்லாரும் ஓட, இவளை உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொல்கிறார்களாம். அதைப் பெருமையாகச் சொல்கிறாள்.

ஃபேக்டரியில் ஒரு பிரேக் ஹோஸ் ரிஜெக்ட் ஆனால் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போவோம். அப்படிப் போய்ப் பார்த்தேன். பள்ளி விட்டு வந்ததிலிருந்து நான் வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்கிற கீழ்வீட்டுக் கங்கம்மாள் அக்கா டீயும் வரிக்கியும் தருகிறார். அதைக் குறைக்கச் சொல்லிவிட்டேன். பெரிய கசிவு ராத்திரிச் சாப்பாடு. தட்டு வைப்பது நான், ஊட்டுவது நீ, அதுவும் கடல் தாண்டி இருந்துகொண்டு. "இன்னும் ஒரு வாய்" என்பதை நாளையிலிருந்து நிறுத்து. அளவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. முகில் கழுத்தில் அழுக்கு ஏறிப்போயிருக்கிறது. கங்கம்மாள் அக்கா பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, பிள்ளை தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாள். ஒழுங்காகக் குளிப்பதில்லை. போனில் ஒரு அதட்டல் போடு.

இனியவன்


மஸ்கட்
9 ஜூலை

இனியா,

பிள்ளை சாப்பிடும்போது வாயை எண்ணுகிற மாமனை இப்போதுதான் பார்க்கிறேன். நாளெல்லாம் பிரேக் ஹோஸை எண்ணிவிட்டு வந்து வீட்டிலும் எண்ண வேண்டுமா? கண்ணு பட்டுடும்டா.

நீ சொல்வது புரியாத மக்கு இல்லை நான். ஆனால் தசரதன் என்னை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு ஓடிப்போன வருஷம் இவள் எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியாது, நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். மூன்று வயசு. அப்பா எங்கே என்று கேட்கவும் தெரியவில்லை, வாயைத் திறக்கவும் மாட்டாள். ஒவ்வொரு ஆளாகப் பேர் சொல்லிச் சொல்லி ஊட்டித்தான் அவளை மீட்டேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அப்போது கையால் ஊட்டினேன், இப்போது பேச்சால் ஊட்டுகிறேன்.

ஏழு மணிக்கு டியூட்டி முடிந்து ஹாஸ்டல் பஸ்ஸில் ஏறியதும் உங்களைக் கூப்பிடுகிறேனே, அந்த பஸ்ஸில் வருகிற மலையாளப் பெண்கள் எல்லாருக்கும் முகிலைத் தெரியும். அவள் காலித் தட்டைத் தூக்கிக் காட்டினால் பஸ்ஸே கை தட்டும். பன்னிரண்டு மணி நேரம் யார் யாருக்கோ ஊசி போட்டு, யார் யாரையோ திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருகிற எனக்கு, நாளில் அது ஒன்றுதான்டா.

இதுவரை எழுதிவிட்டு உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். கழுத்து என்று எழுதியிருக்கிறாய்.

தேய்க்க வேண்டாம் என்று கங்கம்மாள் அக்காவிடம் உடனே சொல். அது அழுக்கில்லை. தேய்த்தால் போகாது. பகல் வெளிச்சத்தில் பின்கழுத்தையும் இரண்டு அக்குளையும் போட்டோ எடுத்து அனுப்பு. வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து எழுது. இன்றைக்கே செய். உடம்பில் இன்சுலின் தாறுமாறாக ஏறினால் கழுத்து அப்படிக் கறுக்கும். இங்கே பெரியவர்களிடம் தினமும் பார்க்கிறேன். அவளிடம் எதையும் சொல்லாதே, பயந்துவிடுவாள்.

தினமும் அவள் முகத்தைப் பார்க்கிறேன். ஒரு நாள்கூடத் திரும்பி உட்காரு என்று சொன்னதில்லை.

அக்கா


படப்பை
15 ஜூலை

அக்கா,

போட்டோ பார்த்துவிட்டு நீ சொன்னபடி சனிக்கிழமை தாம்பரத்தில் குழந்தை டாக்டரிடம் காட்டினேன். ரத்த ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். சர்க்கரை எல்லைக்குள் இருக்கிறது, இன்சுலின் தாண்டிவிட்டது. "பயப்படாதீங்க, ஆனா சும்மாவும் இருந்துடாதீங்க" என்றார். மாத்திரை இல்லை. சாப்பாடும் விளையாட்டும்தான். மாதம் ஒரு தடவை எடை பார்க்க வரச் சொன்னார்.

கங்கம்மாள் அக்காவிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ தம்பி, அயுக்குன்னு நென்ச்சிகினு கொயந்த தோல உரிச்சிட்டேனே! நீயாவது சொல்ல மாட்டியா, இஞ்சினீரு!" எனக்கு மட்டும் தெரிந்திருந்ததா?

வியாழக்கிழமையிலிருந்து சின்னத் தட்டு. அளந்து ஒரு தடவைதான் போடுவேன். நடந்தது என்ன என்று உனக்கே தெரியும். ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து அரை மணி நேரம் தின்கிறாள். அது தீர்ந்ததும் இன்னொன்று கேட்கிறாள். இல்லை என்றால் அழுகை. நேற்று என்னைப் பார்த்து, "நீ கெட்ட மாமா. அம்மா வந்தா உன்ன வூட்ட வுட்டுத் தொரத்த சொல்வேன்" என்றாள். வாடகை நான் கொடுக்கிற வீடு.

அதுகூடப் பரவாயில்லை. நீ போனிலிருந்து என்ன சொன்னாய்? "ஒரு கரண்டி போடுடா, பாவம்." ரிப்போர்ட்டைப் படித்த நர்ஸ் சொல்கிற பேச்சா அது? ஒரு லைனுக்கு இரண்டு சூப்பர்வைசர் இருந்தால் ஒரு சரக்கும் உருப்படியாக வெளியே போகாது. நான் வில்லன், நீ தெய்வம் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பிள்ளை குணமாகாது.

இனியவன்


மஸ்கட்
17 ஜூலை

இனியா,

போன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை சோறு கேட்டு அழ, இந்தப் பக்கம் நீ நின்று பார். அப்புறம் எனக்குப் பாடம் எடு. ரிப்போர்ட்டைப் படித்தது நர்ஸ், கரண்டி கேட்டது அவள் அம்மா. இரண்டு பேரும் ஒரே உடம்பில்தான் இருக்கிறோம், என்ன செய்ய.

வரும் திங்கள், செவ்வாய் எனக்கு டியூட்டிக்கு மேல் டிரெயினிங். ஒன்பது மணி ஆகிவிடும். கூப்பிட முடியாது. அந்த இரண்டு நாளும் நீ ஒருத்தன்தான் சூப்பர்வைசர், குளுகுளுவென்று இரு. ஆனால் அம்மா இல்லை என்று ஏங்கிப்போய் அழுதாளானால் ஒரு கரண்டி போட்டுவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


படப்பை
23 ஜூலை

அக்கா,

இதைப் பொறுமையாகப் படி. பொறுமையாக எழுத எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை நீ இல்லாததால் சண்டை வேண்டாம் என்று பழைய பெரிய தட்டையே வைத்தேன். நாலு தோசை சுட்டேன். ஒன்றரை தோசையில் எழுந்து கை கழுவப் போனாள். "போதும் மாமா" என்றாள். இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கீழே போய் வரிக்கி கிரிக்கி கொடுத்தீர்களா என்று கங்கம்மாள் அக்காவிடம் விசாரித்தேன். "வரிக்கி டப்பாவயே பரண்ல போட்டுட்டேன், உன் தொல்ல தாங்காம" என்றார். முகில் அதற்குள் வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

செவ்வாயும் அப்படியே. ஒன்றரை தோசை, போதும். அழவில்லை, ஏங்கவில்லை. மாடிப்படியில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"முகிலு, அம்மா போன்ல இருந்தா மட்டும் நாலு தோச துன்றியே, அது எப்டி?"

"அம்மா இருந்தா சாப்டணும்."

"அதான், ஏன்?"

"தட்டு காலியாச்சின்னா அம்மா வச்சிடும்."

"இன்னாத்த?"

"போன! லூசா மாமா நீ? 'சமத்து, சாப்ட்டு முட்ச்சிட்டியா, அம்மா வச்சிடட்டா'ன்னும். அதுக்குத்தான் இன்னொண்ணு கேப்பேன்."

"வயித்துல எடம் இருக்குமா?"

"இருக்காது. வலிக்கும். அப்புறம் சரியாயிடும்."

அவ்வளவுதான் பேச்சு. இறங்கி ஓடிவிட்டாள்.

எங்கள் பிளான்டில் ஹோஸ் வெட்டுகிற மெஷினில் ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கும். பைப் வந்து அதைத் தொட்டால் மெஷின் நிற்கும். அதைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிவிட்டால் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மெஷின்மேல் குற்றமில்லை. முகிலுக்கு அந்த சுவிட்ச் வயிற்றில் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு நாள் பார்த்துவிட்டேன். நீ போனில் வந்தால் அது கழன்று உன் கையில் வந்துவிடுகிறது. நீ வைத்தால்தான் அவள் நிறுத்துவாள். அவள் நிறுத்தினால்தான் நீ வைப்பாய். நான் நடுவில் உட்கார்ந்து இட்லியை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

இதை நயமாகச் சொல்லத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நீ கூப்பிடக் கூடாது. ஒரு நாளும் கூடாது.

இனியவன்


மஸ்கட்
8 ஆகஸ்ட்

இனியா,

நீ சொன்னபடி ராத்திரி கூப்பிடவில்லை. நீ மூன்று மெயில் போட்டும் நான் பதில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறையில் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். பஸ்ஸில் பெண்கள் "முகில் எவிடே" என்று கேட்கிறார்கள். பரீட்சை என்று பொய் சொன்னேன்.

பிள்ளை தானாகவே போதும் என்றாள் என்று நீ எழுதியதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை. நான் இல்லாத இரண்டு நாள்தான் என் பிள்ளை சரியாக இருந்தாள் என்று என் தம்பியே எழுதிவிட்டான், மெஷின் படம் போடாத குறையாக.

"சமத்து, அம்மா வச்சிடட்டா." ஆமாம், அப்படித்தான் சொல்வேன். பஸ் ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிடும், இறங்க வேண்டும், அதனால் சொல்வேன். அவள் இன்னொரு தோசை கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? அப்பாடா, பிள்ளைக்கு நன்றாகப் பசிக்கிறது, நான் இல்லாவிட்டாலும் குறை இல்லை என்று இருக்கும். அவளுக்கு வலித்திருக்கிறது. வலித்துக்கொண்டேதான் எனக்குக் காலித் தட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது. அந்த நேரத்தையும் நீ எடுத்துக்கொண்டால் நான் அவளுக்கு யாருடா? மாதம் ஒரு தடவை உன் பேங்கிலிருந்து வருகிற மெசேஜா?

என் மதியச் சாப்பாட்டு நேரத்தை இரண்டரைக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அங்கே நாலு மணி. அப்போதுதான் பள்ளி விட்டு வந்திருப்பாள், சாப்பாட்டு நேரமில்லை. அரை மணி நேரம் கிடைக்கும். ஆனால் நீ வீட்டில் இருக்க வேண்டும். கங்கம்மாள் அக்கா இருந்தால் பரணிலிருந்து டப்பாவை இறக்கிவிட்டுத்தான் போனைக் கொடுப்பார்.

முடியுமா, முடியாதா என்று மட்டும் எழுது.

அக்கா


படப்பை
19 ஆகஸ்ட்

அக்கா,

முடிந்தது. ஏ ஷிஃப்ட் கேட்டேன். காலை ஆறிலிருந்து இரண்டரை. கம்பெனி பஸ்ஸில் மூன்றேகாலுக்குப் படப்பை வந்துவிடுவேன். காலையில் அவளை வேனில் ஏற்றுவது கங்கம்மாள் அக்கா. மேனேஜர் கேட்டார், "இன்னா இனியா, புது மாடல் லைனுக்கு உன்னதான் போட்டு வச்சேன், அது ஜெனரல் ஷிஃப்ட்டாச்சே, சாயங்காலம் ஆயிடுமே. பொண்ணு கிண்ணு பாக்குறாங்களா, ரெண்டரைக்கே ஓடணும்ன்ற?" பெண்தான் என்றேன், எட்டு வயசு என்று சொன்னேன். லைனை வேறொருத்தனுக்குக் கொடுத்துவிட்டார். இதை நீ பெரிதாக எடுத்துக்கொண்டு அழாதே. எனக்கு எரிச்சல்தான், ஆனால் அது என் எரிச்சல்.

எரிச்சல் அதனால் மட்டும் இல்லை. இத்தனையும் மாற்றி, நேற்று நாலு மணிக்கு நடந்தது இதுதான்.

"சாப்ட்டியா கண்ணு?" முதல் கேள்வியே அது.

"நாலு மணிம்மா."

"மத்தியானம்?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

"சோறு."

அப்புறம் நீ அவளைப் பார்த்தாய். அவள் ஃபேனைப் பார்த்தாள். "வேற என்னம்மா?" "வேற ஒண்ணும் இல்லியே." இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை, போனை என் கையில் திணித்துவிட்டுப் பாண்டி ஆடப் போய்விட்டாள்.

சாப்பாட்டை எடுத்துவிட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமே இல்லை. உண்மையைச் சொல்கிறேன். வேண்டுமானால் தினமும் என்ன கேட்கலாம் என்று நான் பத்துக் கேள்வி எழுதி அனுப்புகிறேன்.

இனியவன்


மஸ்கட்
22 ஆகஸ்ட்

இனியா,

உன் கேள்வித்தாளை நீயே வைத்துக்கொள்.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை, சரி. ஏன் வரவில்லை என்று பின்னால் போய்ப் பார்த்தாயா, ஏன்-ஏன் இஞ்சினீரே? போனில் எனக்குத் தெரிவது முகில் முகம் பாதி, அவளுக்குப் பின்னால் உன் சட்டையும் கழுத்தில் தொங்குகிற கம்பெனி ஐடி கார்டும் பாதி. ரிஜெக்ட் சீட்டு ஒட்ட வந்தவன் மாதிரி நிற்கிறாய். ஒரு பதில் சொன்னால் சரிதானா என்று உன்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

நேற்று சிலிண்டர் வந்தது என்று நீ கீழே போனாயே, அந்தப் பத்து நிமிடம் என்ன நடந்தது தெரியுமா? உன் தலை மறைந்ததும், "அம்மா, நீ சாப்ட்டியா?" என்றாள்.

"சாப்ட்டேன்டி" என்றேன்.

"தட்ட காட்டு."

டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை, எப்படிக் காட்ட? "பொய்யி, பொய்யி" என்று சிரிக்கிறாள். "அம்மா, வலிக்கிறாப்ல துன்னாத. பசிக்கிற வரைக்கும் துன்னு" என்றாள். எனக்குச் சொல்கிறாள்டா.

அப்புறம் தானாகவே சொன்னாள். ஸ்கோர் எழுதுவது அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லையாம். "நீ ஓடினா கிரவுண்டு தாங்குமா" என்று பி.டி. சார் எல்லார் முன்னாலும் கேட்டாராம். சிரித்தார்களாம். அன்றையிலிருந்து இவளே போய் ஸ்கோர் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மாமா அடுத்த நாளே ஸ்கூலுக்கு வந்து கத்தும். எல்லாரும் இன்னும் பாப்பாங்க" என்றாள். நீ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டதும் வாயை மூடிவிட்டாள்.

மூன்று வயசில் அவளுக்கு வாய் திறக்கச் சோறு வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம் போலிருக்கிறது. கொஞ்சம் இடம்தான் வேண்டும்.

நான் இதை உனக்குச் சொன்னதே அவளுக்குத் தெரியக்கூடாது. புரிகிறதா?

அக்கா


படப்பை
31 ஆகஸ்ட்

அக்கா,

புரிகிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த சாரைத் தேடி வண்டியை எடுத்துவிட்டேன். பள்ளி கேட்டுக்கு இரண்டு தெரு முன்னால் நிறுத்தி, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். டீ கசந்தது.

நேற்று டாக்டரிடம் போனோம். அதே நாற்பத்தொன்று. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "உயரம் ஏறியிருக்கு, எடை நின்னுருக்கு. வளர்ற பிள்ளைக்கு இதுதான் வேணும்" என்றார் டாக்டர். கழுத்துக் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது, மாதக்கணக்கில் ஆகுமாம். எனக்கு எல்லாமே நாளைக்கே நடக்க வேண்டும். இது அப்படி நடக்காது என்று எழுதி ஒட்டி வைத்தாலும் எனக்கு ஏறாது. அதனால் செய்ய முடிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

1. ராத்திரி தட்டு நான் போட மாட்டேன். பாத்திரத்தை நடுவில் வைப்பேன், அவளே போட்டுக்கொள்வாள். போதும் என்றால் எழுந்துவிடலாம். தட்டில் மிச்சம் இருந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கங்கம்மாள் அக்காவையும் சொல்ல விடமாட்டேன். என் வாயை அடக்குவதைவிட இது கஷ்டம்.

2. பி.டி. சாரைப் பார்க்க மாட்டேன். முகிலாக என்னிடம் வந்து சொல்கிறவரை அந்த விஷயம் எனக்குத் தெரியாது. சொன்னாலும், என்ன செய்யட்டும் என்று முதலில் அவளைத்தான் கேட்பேன். கத்த மாட்டேன்.

3. வீட்டுக்கு வந்ததும் ஐடி கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன்.

4. நாளை நாலு மணிக்கு நீ கூப்பிட்டதும் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். என்ன பேசினீர்கள் என்று அவளிடமும் கேட்க மாட்டேன், உன்னிடமும் கேட்க மாட்டேன். இரண்டு நாளாகச் சாயங்காலம் மழை பிடிக்கிறது. பிடிக்கட்டும். அவள் வந்து கூப்பிட்ட பிறகுதான் இறங்குவேன்.

இனியவன்